கீழக்கரையில் கேபிள்காரர் நெட்: எட்டு மாத அனுபவம்

எங்கள் தெருவில் ஃபைபர் நெட் வேண்டுமென்றால் கேபிள் டிவிக்காரர்தான். 100 எம்பிபிஎஸ் பிளான், 499 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி.

ரிப்பேர் வேலைக்கு முழு மார்க் போடலாம். வாய்க்கால் தோண்டியவர்கள் ஒருநாள் ஒயரை அறுத்துவிட்டார்கள், மோடத்தில் லாஸ் லைட் (சிக்னல் வரவில்லை என்று காட்டும் விளக்கு) சிவப்பு. இரவு ஒன்பதரைக்கு வந்த லைன் பையன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஃபைபரை ஒட்டினான். ஃபைபரில் வரும் ஒளியை அளக்கும் மீட்டரில் மைனஸ் 29 காட்டியது, அது ரொம்பக் குறைவு. "இது நிக்காது காக்கா" (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) என்று மறுபடி வெட்டி ஒட்டி, மைனஸ் 21 வந்த பிறகுதான் கிளம்பினான். அந்த ஒட்டும் மெஷின் பக்கத்துத் தெரு ஆபரேட்டருடையதாம். தொழிலில் போட்டி, ஆனால் லைன் அறுந்தால் கேட்டதும் கொடுத்துவிடுவார்கள்.

குறை இரவு எட்டு மணிக்கு மேல்தான். குவைத்தில் இருக்கும் தம்பியோடு வீடியோ கால் போட்டால் படம் உறைந்துவிடும். "வாப்பா, முகமே தெரியலையே" என்று உம்மா போனைக் கண்ணருகே கொண்டுபோவார்கள். அதே நேரம் யூடியூப் தண்ணீராக ஓடும், ஏனென்றால் அதிகம் பேர் பார்க்கும் வீடியோக்களை நெட் கம்பெனிகள் தங்கள் நெட்வொர்க்குக்குள்ளேயே சேமித்து வைப்பது வழக்கம். குவைத் காலுக்கு வெளியே போக வேண்டும், அந்த வழியைத்தான் கேபிள்காரர்கள் நெட் கம்பெனியிடம் அளவாக வாங்கி வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

சரி, மாறிவிடலாம் என்று பக்கத்துத் தெரு ஆபரேட்டரிடம் போனேன். "பாக்கி இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். "அப்பவும் அவர்ட்ட ஒரு வார்த்தை கேக்காம உங்க தெருவுக்கு லைன் இழுக்க முடியாது காக்கா." இருவருக்கும் லைன் கொடுக்கும் கம்பெனிக்கே போன் போட்டேன். உரிமம் அவர்கள் பெயரில், கேபிள்காரர் வெறும் பிரான்சைஸ். ஆனால் அவர்களோ என் நம்பரை எடுத்து அதே கேபிள்காரருக்கு அனுப்பிவிட்டார்கள். ஆபரேட்டர் பிடித்த தெருவில் நேரடியாகக் கனெக்‌ஷன் கொடுப்பதில்லையாம். இதெல்லாம் எந்தப் பேப்பரிலும் இல்லை, பணம் கட்டும்போது எவரும் சொல்லவுமில்லை. மெஷினைப் பகிர்ந்துகொள்வதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் தெருவோடு சேர்த்து எங்களையும் பங்கு போடுவது அநியாயம்.

கடைசியில் கேபிள்காரரிடமே நேரில் போய்ச் சொன்னேன். கோபப்படவில்லை, கம்பெனியிடம் கூடுதலாக வாங்கினார். இப்போது பத்து மணி வரை வீடியோ கால் உறையாமல் வருகிறது, அப்புறம் பழையபடிதான். மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று மார்க். புதிதாக எடுப்பவர்கள் அவரிடம் எடுத்திருக்கும் ஒரு வீட்டில் இரவு எட்டரைக்கு உட்கார்ந்து வெளிநாட்டுக் கால் போட்டுப் பாருங்கள். வருடப் பிளானுக்குத் தள்ளுபடி தருவார், வாங்காதீர்கள், மாதாமாதம் கட்டுங்கள்.