டொயோட்டா 2சி டீசல் எஞ்சின்: எட்டு வருட அனுபவம்

திருகோணமலை உப்புவெளியில் எட்டு வருடங்களாக, 2சி எஞ்சின் பூட்டிய பழைய கொரோலா வாகன் ஒன்றை ஓட்டி வருகிறேன். நான்கு சிலிண்டர், 1974 சிசி, வார்ப்பிரும்பு புளொக், அதை மேலிருந்து மூடும் அலுமினிய ஹெட், வால்வுகளைத் திறக்க பெல்ற்றால் சுழலும் ஒற்றைக் கேம் சாஃப்ட். டீசல் நேரே சிலிண்டருக்குள் அன்றி ஹெட்டிலுள்ள சிறிய அறையில் பீச்சப்படுகிறது. காலையில், எஞ்சினை முன்கூட்டிச் சூடாக்கும் ஹீற்றர் பிளக்கின் சுருள் வடிவ விளக்கு அணையும்வரை பொறுத்து ஸ்ராட் செய்தால், தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோலச் சற்று நேரம் சத்தமிட்டு, சூடேறியதும் அடங்கிவிடும்.

இதற்கு மூத்த 1சி 1838 சிசி. பின்னால் வந்த 3சி, சிலிண்டர் விட்டம் அதே 86 மில்லிமீற்றராக இருக்க, பிஸ்டன் ஓடும் நீளம் மட்டும் 85 இலிருந்து 94 ஆகக் கூடியதால் 2184 சிசி ஆனது. பெயரின் பின்னால் டி இருந்தால் டேர்போ; ஈ இருந்தால் டீசல் பம்ப் இலத்திரனியல் கட்டுப்பாட்டில் இயங்குவது. சென்சர் பார்க்கத் தெரிந்தவர் அருகில் இல்லாதவருக்கு ஈ வகை வீண் தலையிடி. டேர்போ மலையேற்றத்தில் சுகம் தரும், ஆனால் ஹெட்டுக்கு வெப்பத்தையும் கூட்டும். கந்தளாய் வழியாக ஹபறணைக்குப் போய்வரும் எனக்குச் சாதாரண 2சியே போதும். முந்திச் செல்லும்போது மட்டும் பொறுமை வேண்டும்.

இந்த எஞ்சின் மன்னிக்காத ஒரே குற்றம் கொதிக்க விடுவது. அதை நானே செய்தேன். றேடியேற்றருக்குக் கூலன்ற் வாங்காமல் வீட்டுக் கிணற்றின் சவர்த் தண்ணீரையே ஊற்றி வந்ததில், நுவரெலியாவுக்கு ஏறும் வழியில், றம்பொடையில், வெப்பம் காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டது. கழற்றிப் பார்த்தபோது றேடியேற்றர் குழாய்கள் கேத்தலின் அடிபோல வெள்ளை படிந்து அடைத்திருந்தன. ஹெட்டில், இரு வால்வுகளுக்கிடையே, மயிரிழையாய் ஒரு வெடிப்பு. பழைய ஹெட் ஒன்றைத் தேடிப் பொருத்தும்வரை மூன்று வாரங்கள் வாகனம் கராஜிலேயே கிடந்தது.

ஆகவே வாங்கப் போகிறவர்கள், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே றேடியேற்றர் மூடியைத் திறந்து வைத்து ஸ்ராட் செய்யச் சொல்லுங்கள். குமிழிகள் விடாமல் வந்துகொண்டேயிருந்தால் ஹெட் வெடித்திருக்கலாம்; விலை பேசவே வேண்டாம். கேம் சாஃப்டைச் சுழற்றும் ரைமிங் பெல்ற் எப்போது மாற்றியது என்று உரிமையாளர் தடுமாறினால், அதன் செலவையும் விலையில் கழியுங்கள். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும்.