பிரஷர் மாத்திரையும் தாம்பத்தியமும்: மாத்திரை மாற்றிய என் அனுபவம்

பிரஷர் மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு தாம்பத்தியத்தில் தடுமாற்றம் வந்தால் மாத்திரையை நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லி மாற்றுங்கள். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஒன்பது பத்து வருஷமாக மாத்திரையில் இருக்கிறேன், வயது ஐம்பதைத் தொடப்போகிறது. டாக்டர் இல்லை, ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். எந்த மாத்திரை என் உடம்பில் என்ன செய்தது, மாற்றிய பிறகு எவ்வளவு திரும்பியது, எது திரும்பவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் கொடுத்தது ஆம்லோடிபின் 5. அப்போது எனக்கு 160/100 இருந்தது. அந்த மாத்திரையால் படுக்கையறையில் ஒரு குறையும் இல்லை. சாயங்காலமானால் கணுக்கால் வீங்கும், சாக்ஸைக் கழற்றினால் பள்ளமாகத் தடம் இருக்கும், அவ்வளவுதான். அப்புறம் நாடித்துடிப்பு அதிகமாக இருக்கிறது என்று அட்டெனோலால் 50 சேர்ந்த கூட்டு மாத்திரைக்கு மாற்றினார்கள். அதிலும் மேல் பிரஷர் 150க்குக் கீழே இறங்கவில்லை என்றதும் குளோர்தாலிடோன் என்ற நீர் மாத்திரை ஒன்று கூடுதலாக வந்து சேர்ந்தது. பிரஷர் நன்றாகக் குறைந்தது, அதை மறுக்க முடியாது.

பிரச்சனை ஒரே நாளில் வரவில்லை. ஆசை இருக்கும், உடம்பு கூட வராது. ஆரம்பத்தில் சரியாக இருந்து பாதியிலேயே தளர்ந்துவிடும். காலையில் எழும்போது இயல்பாக இருக்கும் விறைப்பு, இருக்கிறதா இல்லையா என்று யோசிக்கும் அளவுக்கு அரிதாகிப் போனது. இதோடு இன்னும் சிலவும் சேர்ந்துகொண்டன: கை கால் விரல்கள் சில்லென்று இருக்கும், இரண்டு மாடி ஏறினால் காலில் ஈயம் கட்டியது போலிருக்கும், நாடி 54, 55 என்று ஓடும். இவையெல்லாம் பீட்டா பிளாக்கர் என்ற வகை மாத்திரைகளில் வரக்கூடியவை என்று பிறகுதான் தெரிந்தது. அட்டெனோலால் அந்த வகையைச் சேர்ந்தது.

என்னை விட என் மனைவியைத்தான் இது அதிகம் வாட்டியது. ஒரு நாள் இரவு விளக்கை அணைத்த பிறகு, "என்னங்க, என் மேல ஏதாவது கோபமா? இல்ல நான் உங்களுக்குப் பிடிக்காமப் போயிட்டேனா?" என்று கேட்டாள். இருபது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள் அப்படிக் கேட்டதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அந்த இரவுதான் இதை டாக்டரிடம் பேசியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பேசுவது லேசான காரியமா? நம் ஊர் கிளினிக்குகளின் அமைப்பைச் சொல்கிறேன். டாக்டர் அறையில் நாம் உட்கார்ந்திருக்கும்போதே அடுத்த டோக்கன் ஆளும் உள்ளே வந்து ஓரமாக நின்றுகொண்டிருப்பார். பிரஷர் பார்க்கும் நர்ஸ் பெண் பக்கத்திலேயே இருப்பார், அவருக்கு என் மகள் வயது. அந்த இடத்தில் எந்த ஆண் இதைப் பற்றி வாய் திறப்பான்? நான் பழைய மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில், "ரெண்டாவது மாத்திரைக்கு அப்புறம் தாம்பத்தியத்தில் பிரச்சனை. தனியாகப் பேச வேண்டும்" என்று எழுதி, கை நீட்டிப் பிரஷர் பார்க்கும் நேரத்தில் மேஜை மேல் அவர் பக்கமாக நகர்த்தி வைத்தேன். படித்துவிட்டு நர்ஸிடம், "நீ போய் அவங்களுக்கு வெயிட் பாரும்மா" என்று சொல்லி, நின்றிருந்தவரையும் கூடவே வெளியே அனுப்பினார். அப்புறம் பத்து நிமிஷம் நிதானமாகப் பேசினார்.

எப்போதிருந்து, காலை விறைப்பு இருக்கிறதா, ஆசையே இல்லையா அல்லது ஆசை இருந்தும் முடியவில்லையா, சிகரெட், குடி, தூக்கம், குறட்டை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், "மாத்திரையாலயும் இருக்கலாம், பிரஷராலயும் இருக்கலாம், சர்க்கரையும் எட்டிப் பார்க்குதான்னு பார்க்கணும். நீங்க சொன்னது நல்லது. நிறையப் பேர் சொல்லாமலே மாத்திரையை விட்டுட்டு, கை கால் இழுத்துக்கிட்டு வர்றாங்க" என்றார். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, காலையில் எடுக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்), ஈசிஜி எல்லாம் எழுதிக் கொடுத்தார். டெஸ்டோஸ்டிரோன் நன்றாகவே இருந்தது. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி மட்டும் 6.1. சர்க்கரை நோய் இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறது.

பிரஷராலும் இருக்கலாம் என்று அவர் சொன்னதை அன்று நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. பிறகு தேடிப் படித்தபோது விளங்கியது. விறைப்பு பெரும்பாலும் ரத்தக் குழாய் சமாச்சாரம். மூளையிலிருந்து உத்தரவு வந்ததும் நரம்பு நுனிகளும் குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விடுகின்றன, அது தசையைத் தளர்த்துகிறது, ரத்தம் உள்ளே பாய்ந்து நிற்கிறது. (இந்த வாயு ரத்தக் குழாய்களுக்குத் தூது போகிறது என்பதைக் கண்டறிந்ததற்காக 1998ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. வயாகராவுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் அதே வருஷம்தான்.) வருஷக்கணக்கில் பிரஷர் கூடுதலாக இருந்தால் இந்த உட்சுவர்தான் முதலில் கெடுகிறது. ஆணுறுப்புக்குப் போகும் குழாயின் அகலம் 1 முதல் 2 மில்லிமீட்டர், இதயத்துக்குப் போவது 3 முதல் 4 மில்லிமீட்டர். சின்னக் குழாய்தான் முதலில் அடைபடும். அதனால்தான் நெஞ்சுவலி வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பே விறைப்புக் குறைவு பல ஆண்களுக்கு எச்சரிக்கையாக வந்துவிடுகிறது என்கிறார்கள் இதய மருத்துவர்கள். மாத்திரையை மட்டும் குற்றவாளியாக்கி அதைத் தூக்கி எறிந்தால், உண்மையான குற்றவாளியை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது போலாகிவிடும்.

சரி, மாற்றத்துக்கு வருகிறேன். அட்டெனோலாலைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இதயத் துடிப்பு எகிறும், இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரைக்கும் போகலாம். எனக்கு 50ஐ 25 ஆக்கி, இரண்டு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெல்ல விலக்கினார். நீர் மாத்திரையையும் எடுத்துவிட்டார். பதிலுக்கு டெல்மிசார்டான் 40, ஆம்லோடிபின் 5 இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை. வீட்டில் கையில் கட்டிப் பார்க்கும் மெஷின் வாங்கி, காலையும் இரவும் பார்த்து நோட்டில் எழுதச் சொன்னார். வீட்டில் பார்க்கும்போது 135/85க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது கணக்கு.

முதலில் திரும்பியது உடம்பின் சூடு. விரல்கள் சில்லென்று இருப்பது நின்றது, படியேறும்போது இருந்த அசதி போனது. மற்றது உடனே வரவில்லை, ஒரு மாதம் ஆகியும் பெரிய வித்தியாசம் இல்லை என்று சோர்ந்துபோனேன். மூன்றாவது மாதம் வாக்கில் காலை விறைப்பு அடிக்கடி வர ஆரம்பித்தது, தாம்பத்தியமும் பெரும்பாலும் தடையில்லாமல் நடந்தது. முப்பது வயதில் இருந்தது போல் திரும்பியதா என்றால் இல்லை. அதில் பாதி வயதின் கணக்கு, அதை நான் மாத்திரையின் மேல் போட மாட்டேன்.

மாத்திரை வகைகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். பழைய பீட்டா பிளாக்கர்கள், அதாவது அட்டெனோலால், மெட்டோபுரோலால், புரோபிரனோலால், இவற்றின் மேல்தான் புகார் அதிகம். நெபிவலோல் அதே வகைதான் என்றாலும் அது நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டுவதால் இந்தத் தொல்லை குறைவு. டெல்மிசார்டான், லோசார்டான், வல்சார்டான் ஆகியவை கெடுப்பதில்லை, வல்சார்டானும் லோசார்டானும் கொஞ்சம் உதவியதாகவே சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. எனலாப்ரில், ராமிப்ரில் வகையும் பரவாயில்லை, சிலருக்கு வறட்டு இருமல் மட்டும் வரும். ஸ்பைரோனோலாக்டோன் வேறு மாதிரி: அது ஆண் ஹார்மோனின் வேலையையே தடுப்பதால் மார்பு வீங்குவதும் வலிப்பதும் உண்டு. அதைச் சாப்பிடுகிறவர்கள் மார்புக் காம்பருகே கட்டி மாதிரி தெரிந்தால் பயந்துபோகாமல் டாக்டரிடம் காட்டுங்கள். இன்னொன்று, வேறு எந்த நோயும் இல்லாத வெறும் பிரஷருக்கு முதல் மாத்திரையாக பீட்டா பிளாக்கர் வேண்டாம் என்று பிரிட்டனில் 2006லேயே வழிகாட்டுதலை மாற்றிவிட்டார்கள். நம் பக்கம் அட்டெனோலால் பல வருஷமாகச் சாப்பிடுகிறவர்கள் இன்னமும் ஏராளம். விலை குறைவு, ஒரு முறை எழுதிய சீட்டை வைத்தே மெடிக்கலில் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

நீர் மாத்திரை பற்றி அமெரிக்காவில் லேசான பிரஷர் உள்ளவர்களை நான்கு வருஷம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு உண்டு, 1997ல் வெளியானது. இரண்டு வருஷ முடிவில் குளோர்தாலிடோன் சாப்பிட்ட ஆண்களில் விறைப்புப் பிரச்சனை 17 சதவீதம், மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 8 சதவீதம். நான்காவது வருஷம் இரண்டு கூட்டமும் ஏறக்குறைய சமமாகிவிட்டது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவ்வளவு வருகிறது என்பதை நான் இரண்டு தடவை படித்தேன்.

அதை விட என்னை உலுக்கியது இத்தாலியில் நடத்தி 2003ல் வெளியான ஆய்வு. விறைப்பில் எந்தக் குறையும் இல்லாத 96 இதய நோயாளிகளுக்கு அட்டெனோலால் கொடுத்திருக்கிறார்கள். என்ன மருந்தென்றே தெரியாதவர்களில் 3 சதவீதம் பேருக்குப் பிரச்சனை வந்தது. மருந்தின் பெயரை மட்டும் சொன்னவர்களில் 16 சதவீதம். விறைப்புக் குறைவு வரலாம் என்றும் சேர்த்துச் சொன்னவர்களில் 31 சதவீதம். மருந்து ஒன்றுதான், பயம்தான் கூடிக்கொண்டே போயிருக்கிறது. அதற்காக எல்லாம் மனப்பிரமை என்று யாரும் உங்களைத் தள்ளிவிட இடம் கொடுக்காதீர்கள், என் விரல்கள் குளிர்ந்தது மனப்பிரமை இல்லை. ஆனால் ஒரு தடவை தவறியதும் அடுத்த தடவைக்கு முன்பே நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிடுகிறது, அந்தப் படபடப்பே பாதி வேலையைக் கெடுக்கிறது. இதை எனக்கு லேசாக்கியது மாத்திரை இல்லை, மனைவியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னதுதான். டாக்டர் சொன்னதை அவளிடம் அப்படியே சொன்னேன். "இதுக்கா இவ்வளவு நாள் தனியா மருகிக்கிட்டு இருந்தீங்க?" என்றாள். அந்த வாரமே வீட்டில் அப்பளமும் ஊறுகாயும் குறைந்தன.

லேகியக்காரர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களும், மாதம் ஒரு நாள் லாட்ஜில் முகாம் போடுகிறவர்களும் நம் கூச்சத்தை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். மூலிகை என்று விற்கும் பொடிகளிலும் மாத்திரைகளிலும் வயாகராவின் மருந்தான சில்டெனாஃபிலையே சொல்லாமல் கலந்து விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கிற சார்பிட்ரேட் மாதிரியான மருந்து எடுப்பவருக்கு இது உள்ளே போனால் பிரஷர் அதலபாதாளத்துக்கு விழும், உயிரே போகலாம். அதிமதுரமும் அளவு மீறினால் பிரஷரை ஏற்றும், இருமலுக்கு என்று தினமும் மென்றுகொண்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டும். முட்டிவலிக்கு அடிக்கடி போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் இரண்டும் அப்படித்தான்.

சில்டெனாஃபிலோ அதே வகையைச் சேர்ந்த டடாலாஃபிலோ பிரஷர்காரர்கள் எடுக்கவே கூடாது என்றில்லை. பிரஷர் கட்டுக்குள் இருந்து, சார்பிட்ரேட் மாதிரியான நைட்ரேட் வகை மருந்து இல்லாமல், இதயம் தாங்கும் என்று பரிசோதித்த பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்தால் எடுக்கலாம். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும், இரண்டும் சேர்ந்து பிரஷரைக் கூடுதலாக இறக்கும். எனக்கு டிரெட்மில்லில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்த்துவிட்டு சில்டெனாஃபில் 50 மில்லிகிராம் எழுதினார். எப்போதாவதுதான் தேவைப்படுகிறது.

என் மச்சான் நிலைமை வேறு, அதையும் சொல்ல வேண்டும். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர், மெட்டோபுரோலால் சாப்பிடுகிறார். நான் மாற்றிய கதையைக் கேட்டுவிட்டு அவரும் நிறுத்தப் பார்த்தார். "உங்களுக்கு அது பிரஷர் மாத்திரை மட்டும் இல்ல, இதயத்துக்குக் காவல், கை வைக்காதீங்க" என்று அவருடைய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாத்திரையைத் தொடாமலே சிகரெட்டை விட வைத்து, தினமும் காலையில் வ.உ.சி. பூங்காவில் நடக்க வைத்திருக்கிறார்கள். சார்பிட்ரேட் அவருக்கு இப்போது இல்லை, அடுத்த டிரெட்மில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறாராம்.