கண்ணாடிக்கு எந்தத் தண்ணீர்?

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக் கூரையில் பன்னிரண்டு சோலார் பனல்கள் இருக்கின்றன. மூன்று கச்சான் காற்றுக் காலம் போன பிறகுதான் அவற்றை எப்படிச் சுத்தமாக வைத்திருப்பது என்று ஒரு முடிவுக்கு வந்தேன். மழையை நம்பி விட்டுவிடுவது, கிணற்றுத் தண்ணீரைப் பீய்ச்சுவது, காசு கொடுத்து ஆள் பிடிப்பது, சேமித்த மழைநீரால் நானே கழுவுவது என நான்கையும் செய்து பார்த்தாயிற்று. நான் நிற்பது கடைசிக் கட்சியில். நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

“தம்பி, மழை வந்தால் தானாகக் கழுவிவிடும், நீர் ஏன் ஏணியோடு அலைகிறீர்?” என்பார் எதிர்வீட்டு அண்ணன். செலவில்லை என்பது உண்மைதான். ஆனால் திருகோணமலைக்குப் பெருமழை ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில். வானம் மூடிக்கிடக்கும் மாதங்களில் கண்ணாடி பளபளக்கும்; கச்சான் வீசி வெயில் கொளுத்தும் மாதங்களில் அழுக்கோடு கிடக்கும். இடையில் விழும் தூறல் தூசியை இழுத்துக் கீழ்ச் சட்டத்தின் ஓரத்தில் கோடாகச் சேர்த்துவிடுகிறது. பனலுக்குள் ஒளியை மின்சாரமாக்கும் செல்கள் தொடராக இணைக்கப்பட்டவை. ஒன்று மங்கினால் அதன் வரிசையே தளரும்.

அண்ணன் பக்கமும் நியாயம் உண்டு. பனல் கண்ணாடி சுத்தமாக இருக்கும்போதே ஏறத்தாழ 92 சதவீத ஒளியைத்தான் உள்ளே விடும். எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். தூசி படிந்தால் கண்ணுக்கு மகா மோசமாகத் தெரிகிறது. ஆனால் துகளில் பட்டுச் சிதறும் ஒளியில் பெரும்பங்கு முன்னோக்கியே போய்ச் செல்லைச் சேர்ந்துவிடும். ஆறு பனல்களைக் கழுவி ஆறை விட்டுவைத்துப் பார்த்தேன். நண்பகலில் இன்வேர்ட்டர் காட்டிய வித்தியாசம் நான் பயந்ததைவிடச் சிறியது. காலையும் மாலையும், வெயில் சாய்ந்து விழும் நேரத்தில்தான் அது கூடியது.

காக்கை எச்சத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அது ஒளியை அப்படியே மறைத்துவிடும். மறைந்த செல் மின்சாரம் தருவதை விட்டுச் சூடேறத் தொடங்கும். கண்ட அன்றே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும், மழைக்குக் காத்திருக்கக் கூடாது.

இனிக் கிணற்றுத் தண்ணீர். முதல் வருடம், ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு ஹோஸைப் பிடித்தேன். சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் படக்கூடாது என்பது அப்போது தெரியாது. ஈரம் காயக் காய ஒவ்வொரு துளியும் வற்றி, கடைசியில் தன் விளிம்பில் ஒரு வெள்ளை வளையத்தை விட்டுச் சென்றது. பக்கத்தில் போய் நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. கேத்திலின் அடியில் படிகிற அதே சுண்ணாம்பு.

என் முடிவு முழுவதும் இந்த வளையத்தில்தான் தொங்குகிறது. ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது, காற்றில் இருக்காதா? கடலுப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானே கரையும். இரவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொண்டு காலை வெயிலில் இறுகும். ஆனாலும் அது உப்பு; நல்ல தண்ணீர் பட்டால் போய்விடும். சுண்ணாம்பு போகாது. வினாகிரி வேண்டும், தேய்க்க வேண்டும். எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சோ தலைமுடியைவிடப் பலநூறு மடங்கு மெல்லிய, நுண்துளைகள் கொண்ட சிலிக்காப் படலம். அதன்மேல் எத்தனை தடவை தேய்ப்பது? போதாக்குறைக்கு, பனல் கழுவ வேண்டிய ஓகஸ்டில்தான் எங்கள் கிணறு வற்றி, தண்ணீர் மேலும் கரிக்கிறது.

காசு கொடுத்துக் கூப்பிட்ட ஆட்கள் நேரத்துக்கு வந்தார்கள், நீண்ட தடியும் நல்ல தூரிகையும் கொண்டுவந்தார்கள். தண்ணீருக்கு எங்கள் கிணற்றுக் குழாயைத்தான் மாட்டினார்கள். கூலி அவர்களுக்கு, சுண்ணாம்பு எனக்கு. அழுக்கு ஒட்டாத பூச்சு என்று ஒன்றும் விற்கிறார்கள். பூசிப் பார்க்காததால் அதைப் பற்றிப் பேச மாட்டேன்.

இப்போது 1,000 லீற்றர் தொட்டியில் மார்கழி மழையைப் பிடித்துவைக்கிறேன். முதல் மழை கூரை அழுக்கோடு வரும் என்பதால் அதை வெளியே விட்டுவிடுவேன். மாதம் ஒருமுறை, வெயில் ஏறுமுன், இரண்டு மூன்று வாளி. முதலில் ஊற்றி ஊறவிட்டு, பிறகு மென்மையான துணி கட்டிய தடியால் ஓர் இழுப்பு. சவர்க்காரம் இல்லை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் சுண்ணாம்பு இல்லாததால் அதையும் ஒரு வாளியில் பிடிக்கிறேன். வீட்டில் இதற்குக் கிடைத்த கேலியை இங்கே எழுதப் போவதில்லை.

தொல்லை இல்லாமல் இல்லை. தொட்டி வாயை நுளம்பு வலையால் இறுக்கிக் கட்ட வேண்டும். போன வருடம் வலை ஓரிடத்தில் கிழிந்திருந்ததை டெங்கு பரிசோதனைக்கு வந்தவர் எனக்கு முன்பே கண்டுவிட்டார்.