கோஸ்டியாவா, டெக்ஸாஸ் கவுண்டியா? தற்சார்பு வாழ்வுக்கு இரண்டு இடங்கள்

அமெரிக்காவில் சில ஏக்கர் நிலம் வாங்கி, உணவில் பெரும்பகுதியைத் தாமே விளைவித்து, ஆடு கோழி வளர்த்துத் தற்சார்பாக வாழ விரும்புவோர் நடுவே இரண்டு கவுண்டிகளின் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதிகளின்) பெயர் அடிக்கடி அடிபடுகிறது. ஒன்று, கொலராடோவின் தெற்கு எல்லையிலுள்ள கோஸ்டியா. மற்றது, மிசூரியின் ஓசார்க் மலைப்பகுதியிலுள்ள டெக்ஸாஸ் கவுண்டி (அதே பெயருடைய மாநிலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை). பரப்பில் இரண்டும் ஏறத்தாழ 1,200 சதுர மைல். ஆனால் 2020 கணக்கெடுப்பின்படி கோஸ்டியாவின் மக்கள்தொகை சுமார் 3,500. டெக்ஸாஸ் கவுண்டியில் சுமார் 24,500. 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி 160 ஏக்கரை அரசே வழங்கிய முறை 1976இல் ஒழிக்கப்பட்டுவிட்டதால், இன்று நிலம் தேடுவோர் முதலில் விலையைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது தண்ணீரை.

கோஸ்டியாவில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஐந்து ஏக்கர் மனைகள். கவுண்டி அமைந்துள்ள சான் லூயிஸ் பள்ளத்தாக்கின் தரைமட்டமே 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பக்கத்திலுள்ள அலமோசா நகரில் ஆண்டு மழையும் பனியும் சேர்ந்து 180 மில்லிமீட்டர் அளவே பெய்கிறது. சனவரி இரவுகளின் சராசரிக் குளிர் மைனஸ் 19 டிகிரி செல்சியஸ். உறைபனி விழாத காலம் ஏறக்குறைய மூன்று மாதம். குளிரைச் சமாளிக்கலாம், வெயிலோ சூரியத் தகடுகளுக்கு வரம். சமாளிக்க முடியாதது நீர்ச்சட்டம். நீரை முதலில் பயன்படுத்தத் தொடங்கியவருக்கே முன்னுரிமை என்ற கொள்கையில் இயங்கும் அம்மாநிலத்தில், 35 ஏக்கருக்குக் குறைவான நிலத்துக்குப் பொதுவாக வீட்டுக்குள் புழங்குவதற்கு மட்டுமே கிணற்று அனுமதி தரப்படுகிறது. அந்த நீரைக் காய்கறிப் பாத்திக்குப் பாய்ச்சவோ ஆட்டுத் தொட்டியில் ஊற்றவோ கூடாது என்றால், தற்சார்பு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. கூரைநீரைப் பிடிக்க 2016ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது, ஆனால் இரண்டு பீப்பாய்கள், மொத்தம் 110 கேலன், அதாவது சுமார் 416 லிட்டர் என்ற வரம்போடு. கிணற்று அனுமதிக்குத் தகுதியுள்ள சிலருக்குத் தனி விலக்கு உண்டு என்றாலும், கிணற்று நீருக்குள்ள பயன்பாட்டுக் கட்டுப்பாடுகளே அதற்கும் பொருந்தும். எஞ்சியிருப்பது வண்டியில் நீர் கொண்டுவருவது. இதற்குப் பலரும் வாங்கும் 275 கேலன் பிளாஸ்டிக் தொட்டி நிறைந்தால் நீரின் எடை மட்டுமே ஒரு டன்னைத் தாண்டும். சாதாரண பிக்கப் வண்டியின் தாங்குதிறனுக்கு அது அதிகம்.

அதே கவுண்டியில் இதற்கு நேர்மாறான நிலமும் இருக்கிறது என்பதை விலைப்பட்டியல்கள் சொல்வதில்லை. 1851இல் நிறுவப்பட்ட சான் லூயிஸ் ஊரில் கொலராடோவின் மிகப் பழைய நீருரிமையைக் கொண்ட வாய்க்கால், 1852 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. அசேக்கியா எனப்படும் இத்தகைய ஊர்ப்பொது வாய்க்கால்களில், மயோர்டோமோ என்னும் மேற்பார்வையாளர் முறைவைத்து நீர் பங்கிடுகிறார்; வசந்தத்தில் பங்காளிகள் கூடித் தூர்வாருகிறார்கள். நம் குடிமராமத்தை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஆற்றிலிருந்து மேட்டை நோக்கி நீளும் அந்த ஒடுங்கிய வயல்களில் பீன்ஸும் மக்காச்சோளமும் தலைமுறைகளாக விளைகின்றன. வாய்க்கால் பங்கோடு ஒரு துண்டு நிலம் விலைக்கு வருமானால், சமவெளியில் நாற்பது ஏக்கர் வறண்ட புதர்க்காட்டைவிட அதையே நான் மதிப்பேன்.

டெக்ஸாஸ் கவுண்டியில் ஆண்டுக்குச் சுமார் 1,140 மில்லிமீட்டர் மழை. ஆயிரம் சதுர அடிக் கூரையில் மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் விழும். பிடிக்க விரும்புவோரை மேற்கண்ட வரம்பு எதுவும் தடுப்பதில்லை. சாகுபடிக் காலம் ஏறத்தாழ ஆறு மாதம். அடுப்பெரிக்க ஓக், ஹிக்கரி மரங்கள் தாராளமாகக் கிடைக்கும். குறைகள் மண்ணிலும் உயிரினங்களிலும் இருக்கின்றன. மேட்டு நிலங்களில் சிவந்த களியும் சக்கிமுக்கி போன்ற கூரிய கற்களும் கலந்து கிடப்பதால், மண்வெட்டி இறங்காமல் மேடைப்பாத்தி கட்டுவோர் பலர். அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறையில் துளைகளும் வெடிப்புகளும் நிறைந்திருப்பதால் வெட்டிய குளம் கசிந்து வற்றலாம். கழிவுநீரும் வடிகட்டப்படாமலே நிலத்தடி நீரில் கலக்கலாம். மேய்ச்சலில் பரவலாகக் காணப்படும் ஃபெஸ்க்யூ புல்லினுள் வாழும் பூஞ்சை மாடுகளின் உடல்வெப்பத்தை ஏற்றி எடையைக் குறைக்கிறது. உண்ணிகளை இன்னும் கவனமாகக் கருத வேண்டும்: லோன் ஸ்டார் உண்ணி கடித்த சிலருக்கு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி இரண்டுமே ஒவ்வாமல் போகின்றன, சிலருக்குப் பாலும் ஒவ்வாது. கால்நடையை நம்பி வருபவருக்கு இது சிறிய செய்தியன்று.

விதிகளைப் பொறுத்தவரை கோஸ்டியா கண்டிப்பானது. கழிவுநீர்த் தொட்டியின்றி, வீடுபோல் அமைத்த கூண்டுவண்டியில் நீண்டநாள் குடியிருப்போர்மீது 2015 வாக்கில் நிர்வாகம் நடவடிக்கை எடுத்தபோது பெரும் சச்சரவு எழுந்தது. டெக்ஸாஸ் கவுண்டியில், ஓசார்க்கின் பல கவுண்டிகளைப் போலவே, ஊர் எல்லைகளுக்கு வெளியே கட்டட விதிகள் பெரும்பாலும் இல்லை.

மாதந்தோறும் வெளிவருமானம் வருபவர், தோட்டத்தை நம்பாதவர், வறண்ட வெளியையும் வானத்தையும் விரும்புபவர் கோஸ்டியாவைத் தேர்ந்தெடுக்கலாம். வயிற்றுக்குச் சோறு நிலத்திலிருந்தே வர வேண்டுமென்பவருக்கு என் பரிந்துரை டெக்ஸாஸ் கவுண்டிதான். கோஸ்டியாவில் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த மனைக்கு எவ்வகைக் கிணற்று அனுமதி கிடைக்கும் என்று மாநில நீர்வளத் துறையிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். டெக்ஸாஸ் கவுண்டியில் கனமழை பெய்த மறுநாள் போய்ப் பார்ப்பது நல்லது. 2017 ஏப்ரல் இறுதியில் ஓசார்க் ஆறுகள் பெருக்கெடுத்தபோது தெரிந்தபடி, வீடு மேட்டிலேயே இருந்தாலும் அதற்குச் செல்லும் தரைப்பாலம் மூழ்கினால் வெளியே வர வழியிருக்காது.