பன்னிரண்டு மூன்றா, பதினெட்டு ஒன்றா? ஓசூர் சம்பள ஒப்பந்தக் கணக்கு

ஷிப்ட் முடிந்து மூக்கண்டப்பள்ளி டீக்கடையில் நிற்பவரிடம் "ஒப்பந்தம் முடிஞ்சுதா?" என்று கேட்டால், எத்தனை ஆயிரம் ஏறியது என்றுதான் முதலில் சொல்வார். சங்கத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர் யாராவது பக்கத்தில் இருந்தால் அவர் தொகையைக் கேட்க மாட்டார். "பன்னிரண்டு மூணா, பதினெட்டு ஒண்ணா?" என்பார்.

இரண்டும் 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1947-ஆம் வருடத்துத் தொழிற்தகராறு சட்டத்தின் பிரிவுகள். நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் பேசிக் கையெழுத்துப் போட்டால் 18(1). அதே கையெழுத்தைத் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னால் போட்டால் 12(3). தொகை, பஞ்சப்படி, உற்பத்தி எண்ணிக்கை எல்லாம் இரண்டு தாளிலும் ஒரே மாதிரி இருக்கலாம். யாரைக் கட்டுப்படுத்தும் என்பதில்தான் வேறுபாடு. 18(1) கையெழுத்திட்ட தரப்புகளை மட்டும் கட்டும். 12(3) அந்த ஆலையின் தொழிலாளிகள் அத்தனை பேரையும் கட்டும். எந்தச் சங்கத்திலும் சேராதவர், எதிர்ச் சங்கத்துக்காரர், நாளை வேலைக்குச் சேரப்போகிறவர் என யாருக்கும் விலக்கில்லை. இப்படிச் சொல்வது 18(3). ராம்நகர் சர்க்கரை ஆலை வழக்கில் 1960-லேயே உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்துவிட்டது.

18(1)-க்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. வாய்தா கிடையாது. கேன்டீன் சாப்பாடு, ஷிப்ட் பஸ் எந்த ஊர் வரை போகும் என்பது போன்ற சின்ன விஷயங்களையும் உட்கார்ந்து பேசலாம். ஆலையில் ஒரே சங்கம், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதில் என்றால் 18(1) போதும். அதிகாரி அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை.

இரண்டு சங்கம் இருக்கும் இடத்தில்தான் வம்பு. நான் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனியில் நாங்கள் பெரிய சங்கம். நிர்வாகமோ சின்னச் சங்கத்தைக் கூப்பிட்டு 18(1) போட்டது. மறுநாள் நோட்டீஸ் போர்டில் ஓர் அறிவிப்பு: ஒப்பந்தத்தை ஏற்பதாக உறுதிமொழிக் கடிதம் கொடுப்பவர்களுக்கு அரியர்ஸ் உடனே வழங்கப்படும். எங்களைக் கட்டாத ஒப்பந்தம்தான், சட்டப்படி சரி. ஆனால் ஜூன் மாதம், பிள்ளைகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டியாக வேண்டும். முதல் நாள் நாலு பேர் எச்ஆர் அறைக்குப் போனார்கள், அடுத்த நாள் இருபது பேர். மாதக் கடைசியில் சந்தா நோட்டில் நாங்கள்தான் பெரும்பான்மை, உறுதிமொழிக் கடிதங்களின் எண்ணிக்கையில் அவர்கள். உற்பத்தி எண்ணிக்கையைக் கூட்டும் நிபந்தனையும் அந்தக் கடிதத்துக்குள்ளேயே இருந்தது. போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 18(1) மொத்தமாக எல்லோரையும் கட்டாது என்பதாலேயே ஒவ்வொருவராகக் கட்டிவிட முடிகிறது.

12(3) பாதை மெதுவானது. சமரச அதிகாரி பதினாலு நாளில் அறிக்கை தர வேண்டும் என்று பழைய சட்டம் சொன்னது. நடப்பில் மாதக் கணக்காகும். நிர்வாகத்திலிருந்து வருபவர் "மேலே கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லியே நாலு முறை எழுந்து போவார். ஆனாலும் அந்த இழுவைக்குள் சங்கத்துக்கு ஒரு கவசம் இருக்கிறது, பழைய சட்டத்தில் அது பிரிவு 33. சமரசம் நடக்கும்போது தகராறு சம்பந்தமான வேலை நிலைமையைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்றக் கூடாது. தகராறோடு தொடர்புடைய குற்றச்சாட்டில் ஒருவரை வேலைநீக்கம் செய்ய முன் அனுமதி வேண்டும். கோரிக்கைப் பட்டியல் கொடுத்த கையோடு சார்ஜ் மெமோ வாங்கிப் பழகிய சங்க நிர்வாகிகளுக்கு இது பைக்கில் போகிறவனுக்கு ஹெல்மெட் மாதிரி. சாலை நன்றாக இருக்கும்போது பாரம்தான்.

முதலாளிக்கும் 12(3) கசப்பு மருந்தல்ல. எதிரே வலுவான சங்கம் உட்கார்ந்திருந்தால், ஒரே கையெழுத்தில் மொத்த ஆலையும் அடங்கும். ஒப்பந்தக் காலத்தில் அதில் பேசி முடித்த விஷயத்துக்காக யாரும் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. ஆக, நேற்று எங்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அதே பிரிவு, நாளை நியாயம் பேசும் ஒரு சின்னச் சங்கத்தின் வாயையும் மூடலாம்.

மூன்றாவது வழி நீதிமன்றம். சம்பள விஷயத்துக்கு அதை நம்பி இறங்குபவர்கள் ரிட்டயர்மென்ட் தேதியைப் பார்த்துக்கொண்டு இறங்குவது நல்லது. தர்மபுரி பஸ் டிப்போ ஊழியருக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. போக்குவரத்துக் கழக ஒப்பந்தம் சென்னையில் 12(3)-ஆகக் கையெழுத்தாகும், எந்தச் சங்கத்தில் இருந்தாலும் வரும்.

இப்போது ஆட்டத்தின் விதியே மாறிவிட்டது. 2020-இல் இயற்றப்பட்ட தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலாகியிருக்கிறது. பிரிவு எண்கள் மாறினாலும் டீக்கடையில் இன்னும் பன்னிரண்டு மூணுதான். உண்மையான மாற்றம் சங்க அங்கீகாரத்தில். மகாராஷ்டிரத்தில் அதற்கென 1971-ஆம் வருடத்துத் தனிச் சட்டம் இருந்தது, தமிழ்நாட்டில் இல்லை. யாரோடு பேசுவது என்பது நிர்வாகத்தின் இஷ்டமாக இருந்ததால்தான் எங்களுக்கு அந்த ஜூன் மாதம் வாய்த்தது. இனி 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவுள்ள சங்கம்தான் பேசும் சங்கம். அப்படி யாரும் இல்லையென்றால் 20 சதவீதம் வைத்திருக்கும் சங்கங்கள் சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு. சின்னச் சங்கத்தைப் பிடித்துக் காரியம் முடிக்கும் வழி இதனால் குறுகும் என்பது என் கணிப்பு.

அதற்குக் கொடுத்த விலையும் பெரிசு. முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் சட்டம் கேட்ட வேலைநிறுத்த நோட்டீஸ் இப்போது எல்லா ஆலைக்கும், குறைந்தது பதினாலு நாள். சமரசம் நடக்கும்போதும், முடிந்து ஏழு நாள் வரையும் வேலைநிறுத்தம் கூடாது. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தக் கணக்குதான். சங்கத்துக்கு மேசையில் நாற்காலி உறுதியாயிற்று. மேசையைத் தட்டும் கை கட்டப்பட்டது.

இந்த நிலையில் என்னைக் கேட்டால், 51-ஐத் தாண்டிய சங்கமாக இருந்தாலும் 12(3) வழியில்தான் போகச் சொல்வேன், உள்ளே இன்னொரு சங்கம் முளைக்கும் வாய்ப்பு இருக்கும்வரை. ஆனால் அந்த 51 யாரை வைத்து எண்ணப்படுகிறது என்றால், ஆலையின் வருகைப் பதிவேட்டில் இருப்பவர்களை வைத்து. காண்ட்ராக்டரின் பதிவேட்டில் பெயர் உள்ள பென்னாகரத்துப் பையனும் ஒடிசாவிலிருந்து வந்தவரும் அதே லைனில், அதே மிஷினில் நின்றாலும் இந்தக் கணக்குக்குள் சுலபத்தில் வர மாட்டார்கள்.

எங்கள் கம்பெனியில் அடுத்த ஒப்பந்தம் 12(3)-ஆகத்தான் முடிந்தது. அதிகாரி முன்னால் போட்ட முறையான தாள், எல்லோரையும் கட்டும் தாள். அதன் இரண்டாம் பத்தி, "இது நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டும் பொருந்தும்" என்று தொடங்கும். கடைசிப் பக்கத்தில் சங்கத்தின் சார்பில் கையெழுத்துப் போட்ட ஐந்து பேரில் நானும் ஒருவன்.