ஃபிங்கர்ஸ்டைல் கிட்டார் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்க்கும் மதுரைக்காரர்கள் கவனத்துக்கு

காளவாசல் பக்கம், "மூன்றே மாதத்தில் ஃபிங்கர்ஸ்டைல் கிட்டார்" என்று தட்டி வைத்திருக்கும் வகுப்பு ஒன்றில் மகளைச் சேர்த்தேன். ஃபிங்கர்ஸ்டைல் என்றால் விரல்களாலேயே தந்தியை மீட்டி வாசிப்பது. மூன்று மாதக் கட்டணத்தையும் மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். கிட்டாரும் அவர்களிடமே வாங்க வேண்டுமாம். இரண்டுக்கும் பில் கிடையாது. துண்டுச்சீட்டில் தொகையும் ஒரு கிறுக்கல் கையெழுத்தும்தான்.

முதல் நாளிலிருந்தே கையில் பிக், அதாவது தந்தியை அடிக்கும் சின்ன வில்லை. கார்டைப் (சில தந்திகளை ஒருசேர அழுத்தும் சுரக்கூட்டு) பிடி, மேலும் கீழும் அடி, அவ்வளவுதான் பாடம். நேரில் போய்க் கேட்டேன். "அதெல்லாம் கை பழகிய பிறகுதான் சார். எடுத்த எடுப்பிலேயே விரல் வைத்தால் தாளம் நிற்காது" என்றார் மாஸ்டர். சுத்தப் பேத்தல். கிளாசிக்கல் கிட்டார் கற்பவர்களுக்கு முதல் பாடமே விரலில்தான். கட்டைவிரலுக்கு ஆறு, ஐந்து, நான்காம் தந்திகள். சுட்டுவிரலுக்கு மூன்றாவது, நடுவிரலுக்கு இரண்டாவது, மோதிரவிரலுக்கு முதல் தந்தி. இடது கை எதையும் அழுத்தாமலே இந்தப் பங்கீட்டை மெதுவாகப் பழகலாம். பிறகு சி கார்டைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரல் ஐந்தாம் தந்திக்கும் நான்காம் தந்திக்கும் மாறி மாறிப் போக, மற்ற விரல்கள் இடையில் புகும். இதையாவது வாசித்துக் காட்டுங்கள் என்றேன். நகம் உடைந்திருக்கிறது என்றார். அடுத்த வாரமும் உடைந்தேதான் இருந்தது.

கிட்டார் விவகாரம் இதைவிட மோசம். கழுத்து அகலமான, நைலான் தந்திக்கென்று செய்த கிட்டார் அது. சத்தம் கூடுதலாகக் கேட்கட்டும் என்று எஃகுத் தந்தி மாட்டி விற்றிருக்கிறார்கள். எஃகுத் தந்தியின் இழுவிசை நைலானைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. கொஞ்ச நாளில் தந்திகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் கட்டையின் பின்விளிம்பு பெயர்ந்து, பஸ் டிக்கெட் உள்ளே நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. மேற்பலகை உப்பி, தந்திகள் கழுத்தில் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளை விட்டு உயர்ந்துவிட்டன. அழுத்தினால் விரல்நுனியில் கோடு விழுகிறது. வலிக்கிறது என்றவளிடம், "வீட்டில் பயிற்சி செய்வதில்லை" என்று பழியைத் திருப்பிவிட்டார்கள். பழுது பார்க்கும் பெரியவர் கையில் வாங்கிய மாத்திரத்தில் கேட்டது ஒன்றே: "இதில் யார் கம்பியை மாட்டினார்கள்?"

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "கட்டிய கட்டணம் திரும்பத் தரப்படாது" என்று சுவரில் ஒட்டிய தாளைக் காட்டுகிறார்கள். தாள் ஒட்டினால் சட்டமாகிவிடுமா? பில் தராததே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. துண்டுச்சீட்டு, தட்டியின் படம், பெயர்ந்த பிரிட்ஜின் படம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

விடுமுறைச் சேர்க்கைக்குத் தட்டி மறுபடியும் ஏறிவிட்டது. எங்கே சேர்த்தாலும் மாதாமாதம் கட்டுங்கள், பில் கேளுங்கள். பணத்தை எடுக்கும் முன், பிக் இல்லாமல் ஒரு பாட்டு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நகம் உடைந்திருந்தாலும் விரல்நுனிச் சதையால் தாராளமாக வாசிக்கலாம்.