39.99க்கு இறங்கிய சின்னப் பீப்பாய் பர்பன்: பதினாறு மாத அனுபவம்

போன சனிக்கிழமை நண்பர் ஒருவர், நான் இருக்கும் ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டிக்கு எதிரே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கிக் கடையிலிருந்து ஒரு படம் அனுப்பினார். நான் 62 டாலர் கொடுத்து வாங்கிய அதே பர்பன் பாட்டில், மஞ்சள் தள்ளுபடிச் சீட்டில் 39.99. கீழே ஒரே கேள்வி: "மூணு எடுத்துக்கவா?" ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். முடியவில்லை. பதினாறு மாதமாக அந்தப் பாட்டிலுக்கும் எனக்கும் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

அதைக் காய்ச்சுகிறவர்களின் பெயர் சொல்லப் போவதில்லை. சின்ன இடம், நாலைந்து பேர் வேலை பார்க்கிறார்கள், வாசலில் ஒரு கிழட்டு நாய் படுத்திருக்கும். நேரில் போய், அவர்கள் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்து, பக்கத்துப் பண்ணைச் சோளத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வந்தவன் நான். அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போட மனசு வரவில்லை. மற்றபடி பர்பன் என்றால் அமெரிக்க விஸ்கி, பாதிக்கு மேல் மக்காச்சோளம், உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாய், என்பதெல்லாம் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். இதில் ஆல்கஹால் 46 சதவீதம். பின்பக்க லேபிளில் தேடினால் 14 மாதம் என்று இருக்கும். நாலு வருஷத்துக்குக் குறைவாகப் பீப்பாயில் கிடந்த சரக்குக்கு வயதைப் போட்டே ஆகவேண்டும் என்று சட்டம் இருப்பதால் போட்டிருக்கிறார்கள். நான் வாங்கிய அன்றைக்கு அதைப் பார்க்கவில்லை. நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து முதல் கிளாஸ். நிறம் பிரமாதம், பன்னிரண்டு வருஷச் சரக்கு மாதிரி கருஞ்சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனதும் பலகை. ஓக் வாசனை, வனிலா வாசனை என்று எழுதுவார்களே, அது இல்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு எதிரே ஒரு தச்சுப் பட்டறை இருந்தது. மழை விட்ட காலையில் ஆசாரி இழைப்புளி தள்ளும்போது சுருள் சுருளாக விழும் சீவலில் ஒரு வாசனை வருமே, அதே. வாயில் வைத்தால் முன்னால் கொஞ்சம் இனிப்பு, பின்னாலேயே சோளத்தை வேகவைத்த தண்ணீர் போல ஒரு பச்சை வாடை, அப்புறம் நாக்கின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொள்ளும் துவர்ப்பு. கொட்டைப்பாக்கை மென்றதுபோல. என் மனைவி குடிப்பதில்லை, மோந்து மட்டும் பார்ப்பாள். "புது அலமாரியைத் திறந்த மாதிரி இருக்கு" என்றாள். அதைவிடச் சரியாக எந்த விமர்சகரும் எழுத முடியாது.

காரணம் பீப்பாய். வழக்கமான பர்பன் பீப்பாய் 53 கேலன், ஏறக்குறைய 200 லிட்டர். இவர்கள் வைத்திருப்பது 10 கேலன். பீப்பாய் சின்னதாக ஆக, உள்ளே இருக்கிற சாராயத்தில் ஒவ்வொரு லிட்டருக்கும் கூடுதல் மரம் படும். நிறமும் துவர்ப்பும் வேகமாக இறங்கிவிடும். ஆனால் பீப்பாய்க்குள் நடப்பது மரம் ஊறுவது மட்டும் இல்லையே. கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று உள்ளே போகவேண்டும், கொஞ்சம் ஆவியாகி வெளியே போகவேண்டும், பச்சை வாடை அடங்கவேண்டும், காரம் பழ வாசனையாக மாறவேண்டும். அதற்கெல்லாம் குறுக்கு வழி கிடையாது. கென்டக்கியின் பெரிய பர்பன் ஆலையான பஃபலோ ட்ரேஸ்காரர்கள் 5, 10, 15 கேலன் பீப்பாய்களில் வருஷக்கணக்கில் ஊறவைத்துப் பார்த்துவிட்டு, எதுவும் தேறவில்லை, சோதனை தோல்வி என்று 2012இல் அவர்களே அறிவித்தார்கள். பெரிய கம்பெனி சின்னவர்களை மட்டம் தட்டுகிறது என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

சின்னவர்கள் பக்கமும் பேசவேண்டும். நாலு வருஷம் கழித்துத்தான் காசு வரும் என்றால் அதுவரை வங்கிக் கடனை யார் கட்டுவது? நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் பேபி பர்பனைக் கொண்டுவந்த டட்டில்டவுன்காரர்களும் சின்னப் பீப்பாயில்தான் ஆரம்பித்தார்கள். பீப்பாய்கள் அதிரட்டும் என்று இரவில் கிடங்குக்குள் பாட்டு போட்டார்கள், 375 மில்லி அரை பாட்டிலில் அடைத்து விற்றார்கள், 2010இல் ஸ்காட்லாந்தின் வில்லியம் கிரான்ட் கம்பெனி அந்தப் பிராண்டையே வாங்கிக்கொண்டது. பேபி என்ற பெயரிலேயே உண்மையைச் சொல்லிவிட்டார்கள், அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். இன்னொரு வழி, வேறொருவர் காய்ச்சியதை வாங்கி நம் லேபிளை ஒட்டுவது. சின்சினாட்டியிலிருந்து மேற்கே காரில் அரைமணி போனால் இண்டியானாவின் லாரன்ஸ்பர்க். அங்கே பழைய சீக்ராம் கம்பெனியின் சாராய ஆலை, இப்போது எம்ஜிபி என்ற கம்பெனியிடம். பாட்டி காலத்துச் செய்முறை என்று கதை அச்சடித்த எத்தனையோ பாட்டில்களுக்குள் இருப்பது அந்த ஆலைச் சரக்குதான். மோசமான சரக்கு இல்லை, நல்ல சரக்கு. பாட்டிதான் பொய்.

நான் புகழ விரும்புவது ஆற்றுக்கு எதிர்க்கரை நியூபோர்ட்டில் இருக்கும் நியூ ரிஃப் ஆலையை. 2014இல் ஆரம்பித்து, சொந்தச் சரக்கு முதிரும்வரை லாரன்ஸ்பர்க் சரக்கை ஓ.கே.ஐ. என்று பெயர் வைத்து, எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் விற்றார்கள். ஒஹையோ, கென்டக்கி, இண்டியானா, மூன்றின் முதலெழுத்து. 2018இல்தான் சொந்த பர்பன் வெளியே வந்தது: முழு அளவுப் பீப்பாய், நாலு வருஷம், 50 சதவீதம், 1897ஆம் வருஷத்து பாட்டில்ட் இன் பாண்ட் என்ற தரச் சட்டப்படி. 30 சதவீதம் ரை என்ற தானியம் இருப்பதால் சுக்கும் கிராம்பும் தட்டின கருப்பட்டிக் காபி போல நின்று பேசும். எல்லாராலும் அப்படிக் காத்திருக்க முடியாது, கையில் முதல் வேண்டும், தெரியும். ஆனாலும் 62 டாலரை நீட்டுகிறவன் நான். (கனடாவை இழுக்கவேண்டாம் என்று பார்த்தேன். அங்கே விஸ்கி மூன்று வருஷம் பீப்பாயில் கிடப்பது கட்டாயம், அதில் அவர்கள் ஒழுங்கு. ஆனால் ரை தானியம் இத்தனை சதவீதம் இருக்கவேண்டும் என்று எதுவும் இல்லாமலே ரை விஸ்கி என்று லேபிள் ஒட்டலாம். பாலே இல்லாத பால்கோவா.)

சரி, வழக்குக்கு வருகிறேன். முதல் இரண்டு மாதத்தில் கால்வாசி காலியானது, பெரும்பாலும் விருந்தாளிகளுக்கு ஊற்றியே. சோடா கலந்தால் பலகை சோடா. ஐஸ் போட்டால் துவர்ப்பு இன்னும் முறுக்கிக்கொண்டது. கோலாவில் கலப்பது 62 டாலருக்குச் செய்யும் துரோகம் என்று விட்டுவிட்டேன். மார்ச்சில் மூன்று கிளாஸில் அடையாளம் தெரியாமல் ஊற்றிவைக்கச் சொல்லி மனைவியிடம் கொடுத்தேன். இது, நியூ ரிஃப், 25 டாலர் வைல்ட் டர்க்கி 101 என்ற பெரிய ஆலை பர்பன். டர்க்கியைத்தான் முதலில் வைத்தேன். இது கடைசி. அன்றைக்கே பாட்டிலை அலமாரியின் மேல்தட்டில், சுடுதண்ணி ஃபிளாஸ்குக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து, நவம்பரில், வேறு எதையோ தேடும்போது கையில் தட்டுப்பட்டது. பாதிக்கும் கீழே இருந்தது. வீணாகப் போகிறதே என்று இரண்டு விரல் ஊற்றினேன். முதலில் வேறு பாட்டிலை எடுத்துவிட்டேனோ என்று லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். தச்சுப் பட்டறை இருந்தது, ஆனால் தெரு தாண்டி எங்கோ. முன்னால் வந்து நின்றது கடலைமிட்டாய். கடையில் கண்ணாடி ஜாடியைத் திறந்ததும் வருமே, வெல்லப்பாகும் வறுகடலையும் சேர்ந்த அந்த வாசனை. வேகவைத்த சோளத் தண்ணீர், சுட்ட சோளக்கதிராக மாறியிருந்தது. துவர்ப்பு கடைசியில் மட்டும் வந்து, வாயைத் துடைத்துவிட்டுப் போய்விட்டது. காற்று பட்டதாலா, பச்சை வாடை பறந்துபோனதாலா, அல்லது என் நாக்குதான் பழகி இறங்கிவந்ததா, எதுவாக இருந்தாலும் சரி. அந்தக் குளிர்காலம் முழுக்க வெள்ளிக்கிழமை இரவு நான் கைநீட்டிய பாட்டில் இதுதான். டர்க்கியும் இருந்தது, நியூ ரிஃபும் இருந்தது. இதைத்தான் எடுத்தேன். பக்கத்துப் பண்ணைச் சோளம் என்று அவர்கள் சொன்னதற்கு அப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. பெரிய ஆலைச் சரக்கில் இந்தச் சுட்ட கதிர் வாசனை எனக்குக் கிடைத்ததில்லை.

விலை ஏன் இறங்கியது என்று நண்பர் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கென்டக்கிக் கிடங்குகளில் மட்டும் 1.6 கோடி பீப்பாய்க்கு மேல் கிடக்கிறது, அந்த மாநிலத்து ஜனத்தொகையைப்போல மூன்று மடங்குக்கும் அதிகம். குடிக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், கிடங்கு நிறைந்துவிட்டது. இந்த நிலைமையில் முதலில் அடிபடுவது சின்னவர்கள்தான். இங்கே ஒஹையோவில் சரக்கு விலையை மாநில அரசே தீர்மானிப்பதால் மஞ்சள் சீட்டுக்கெல்லாம் பாலம் தாண்டவேண்டும்.

ஆக, ஞாயிறு மாலை நண்பருக்குப் பதில் அடித்துவைத்தேன்: இரண்டு வாங்கு, ஒன்றை இப்போதே திறந்து இரண்டு பெக் ஊற்றிவிட்டு ஏழெட்டு மாதம் மறந்துவிடு. அனுப்புவதற்கு முன்னால் இன்னொரு தடவை ருசி பார்த்துவிடுவோம் என்று பாட்டிலை எடுத்தேன். அதில் மூன்று பெக் மிச்சம் இருந்தது.

கார்க் பற்றி இதுவரை சொல்லவில்லை. முதல் நாளிலிருந்தே அது கிறீச்சிடும், கரும்பலகையில் நகத்தால் கீறியதுபோல. மேலே கனமான மரக்குமிழ், அதில் நாய்ப் படம் செதுக்கியிருக்கும், கீழே மெலிந்த ஒரு கார்க். பாட்டிலை எப்போதும் நிற்கவைத்துத்தான் வைத்திருந்தேன், படுக்கவைத்தால் சாராயம் கார்க்கைத் தின்றுவிடும் என்று தெரியும். அப்படியும் ஞாயிற்றுக்கிழமை குமிழ் மட்டும் கையோடு வந்தது. மிச்சக் கார்க் கழுத்துக்குள் நின்றது. கத்தியால் நெம்பினேன், பாதி வெளியே வந்தது, பாதி பொடிப்பொடியாக உள்ளே விழுந்தது. டீ வடிகட்டியில் வடித்தால் தூள் தங்கவில்லை. காபி ஃபில்டர் காகிதத்தில் வடித்தேன். சொட்டுச்சொட்டாக இறங்கி முடிய இருபது நிமிஷம். குடித்தால் ஈரக் காகிதமும் பழைய கார்க்கும். எட்டு மாதம் பொறுத்து எங்கேயோ அனுப்பிவைத்த மரம் மொத்தமும் திரும்ப வந்துவிட்டது. நாய் செதுக்கக் காசு இருந்திருக்கிறது!

அடித்துவைத்த பதிலை அழித்துவிட்டு வேறு அனுப்பினேன். மூணு வேண்டாம், ரெண்டு வேண்டாம், 39.99க்கு ஒன்றுகூட வேண்டாம். திருகு மூடி போட்டதாக எதையாவது வாங்கிக்கொண்டு வா. வரும்போது அந்தக் கடையில் வெறும் கார்க் தனியாக விற்கிறானா என்று கேட்டுப் பார்.